பாலைவனத்தில் ஐந்து நாற்காலிகள்

ஒளிந்து வாழ வந்தவர்கள் ஊரை ஆள வந்த கதை

நகரசபை மண்டபத்தில் ஐந்து நாற்காலிகள். 2017-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அந்த ஐந்திலும் ஐந்து பேர் அமர்ந்தார்கள். ஒருவர் மேயர். மற்ற நால்வர் அங்கத்தினர்கள்.

இதில் என்ன அதிசயம்? எல்லா ஊரிலும் நடப்பதுதானே?

அதிசயம் இருக்கிறது. அந்த ஐவரில் மூவர் ஆண்கள். ஆணையே வாழ்க்கைத் துணையாகக் கொள்பவர்கள். ஒருவர் திருநங்கை. இன்னொருவர் இளம் பெண் வக்கீல். ஆண், பெண் இருபாலர் மீதும் தமக்கு நாட்டம் உண்டு என்று பகிரங்கமாகச் சொன்னவர். ஐந்து பேரில் ஒருவராவது இதை மறைத்து ஓட்டுக் கேட்கவில்லை. தெரிந்தேதான் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள்.

ஊரின் பெயர் பாம் ஸ்பிரிங்ஸ். அமெரிக்காவில், கலிபோர்னியா ராஜ்யத்தில், பாலைவனத்தின் நடுவே இருக்கிறது. 2020-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே இருப்பவர்கள் 44,575 பேர். சின்ன ஊர்தான்.

தன் பாலினத்தவரையே விரும்பும் ஆண்களையும் பெண்களையும் தன்பாலீர்ப்பாளர் என்று இப்போது தமிழில் சொல்கிறார்கள். அவர்களோடு திருநங்கை, திருநம்பி, இருபாலீர்ப்பாளர் எல்லோரையும் சேர்த்துப் பால்புதுமையினர் என்று சொல்வது வழக்கமாகி வருகிறது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் இவர்களுக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடையாது. பட்டாளத்தில் இடம் கிடையாது. அகப்பட்டால் ஜெயில். 1953-ல் ஜனாதிபதி ஐசனோவர் போட்ட ஓர் உத்தரவினால் இத்தகையவர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை இழந்தார்கள். அதே ஐசனோவர், பதவிக் காலம் முடிந்த பிறகு, குளிர்காலத்தைக் கழிக்க வந்த இடமும் இந்தப் பாலைவனம்தான்!

அப்படி ஒதுக்கப்பட்டவர்கள் ஒரு நகரசபை முழுவதையும் பிடித்தது எப்படி? பிடித்த பிறகு என்ன செய்தார்கள்? இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

வெந்நீர் ஊற்று

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 170 கிலோமீட்டர் போக வேண்டும். சான் ஜசிண்டோ என்ற மலை 10,800 அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. உச்சியில் பனி உறைந்திருக்கும்போது அடிவாரத்தில் மணல் பறக்கும். காற்று பலமாக அடித்தால் சில சாலைகளை மூடிவிட்டு மணலை வாரிக் கொட்டுவார்கள். மழை ஆண்டுக்குச் சராசரி ஐந்து அங்குலம்தான். 2024 ஜூலை 5-ந் தேதி வெயில் 124 டிகிரியைத் தொட்டது. அந்த ஊர் அதுவரை காணாத வெயில் அது.

இந்தப் பிரதேசத்துக்குக் கோச்செல்லா பள்ளத்தாக்கு என்று பெயர். வரிசையாக ஒன்பது ஊர்கள். மேற்கே பாம் ஸ்பிரிங்ஸில் ஹோட்டல்கள். கிழக்கே இண்டியோ, கோச்செல்லா பக்கம் பேரீச்சந்தோப்புகள்.

பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. கவீயா என்னும் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அதைச் சுற்றி வாழ்ந்தவர்கள். ஸ்பானிய மொழியில் அந்த ஊற்றுக்கு ‘அகுவா கலியந்தே’ என்று பெயர். ‘சூடான தண்ணீர்’ என்பது அர்த்தம். அந்தக் குடிக்கும் அதுவே பெயராகிவிட்டது.

ரயில் வந்தது. சர்க்கார் அந்த நிலத்தை ஒரு சதுர மைல், ஒரு சதுர மைலாகக் கட்டம் போட்டது. ஒற்றைப்படை எண்ணுள்ள கட்டங்கள் ரயில் கம்பெனிக்கு. இரட்டைப்படைக் கட்டங்களில் பல பூர்வகுடிகளுக்கு. வரைபடத்தைப் பார்த்தால் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். 14-ம் எண் கட்டம் ஊரின் நடுவில், வெந்நீர் ஊற்றோடு சேர்ந்து, பூர்வகுடிகளின் பங்கில் விழுந்தது. இந்த எண்ணை வாசகர்கள் மறக்க வேண்டாம்.

முதலில் வந்தவர்கள் காசநோய்க்காரர்கள். வறண்ட காற்று நல்லது என்று டாக்டர்கள் அனுப்பினார்கள். பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். 1934-ல் சார்லஸ் பாரல், ரால்ப் பெல்லமி என்ற இரு நடிகர்கள் டென்னிஸ் கிளப் ஒன்றைத் திறந்தார்கள். அதன் பிறகு ஹாலிவுட் நட்சத்திரங்கள் வெள்ளிக்கிழமை மாலையானால் காரை இந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். பாரல் பிற்காலத்தில் ஊரின் மேயராகவும் இருந்தார்.

நட்சத்திரங்களுக்கு இந்த ஊர் ஏன் பிடித்தது? வெயிலும் நீச்சல் குளமும் மட்டும் காரணமல்ல. உயரமான மதில்கள் இருந்தன. வம்பு பேசும் நிருபர்கள் இல்லை. யார் வீட்டில் யார் தங்கினார்கள் என்று கேட்பார் கிடையாது. கேட்பாரில்லாத இடம் யாருக்கு அதிகம் தேவை? ஒளிக்க வேண்டியது உள்ளவர்களுக்கு.

மறைக்க மறுத்த நடிகர்

வில்லியம் ஹெயின்ஸ் என்று ஒரு நடிகர். மௌனப் படக் காலத்தின் கடைசியிலும் பேசும் படத்தின் ஆரம்பத்திலும் அமெரிக்காவில் கொடி கட்டிப் பறந்தவர். 1926 முதல் ஜிம்மி ஷீல்ட்ஸ் என்பவரோடு ஒரே வீட்டில் குடும்பம் நடத்தினார். அதை அவர் பெரிய ரகசியமாகவும் வைத்துக்கொள்ளவில்லை.

ஸ்டூடியோ முதலாளி லூயி மேயருக்கு இது பிடிக்கவில்லை. பேருக்கு ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளும்படி வற்புறுத்தினார். ஹெயின்ஸ் மறுத்தார். 1930-களின் நடுவில் அவருடைய சினிமா வாழ்க்கை முடிந்தது.

அவர் நொடித்துப் போகவில்லை. வீட்டு அலங்காரத் தொழிலில் இறங்கினார். எந்த நட்சத்திரங்களோடு நடித்தாரோ அவர்களுடைய வீடுகளையே அலங்கரித்துக் கொடுத்துப் பணமும் புகழும் சேர்த்தார். பாலைவனத்தில், ராஞ்சோ மிராஜ் என்ற பக்கத்து ஊரில், பத்திரிகை அதிபர் வால்டர் அனென்பர்க் 1960-களில் ‘சன்னிலாண்ட்ஸ்’ என்ற மாளிகையைக் கட்டினார். அதன் உள் அலங்காரம் ஹெயின்ஸின் கைவண்ணம். அமெரிக்க ஜனாதிபதிகள் பலர் விருந்தாளிகளாகத் தங்கிய மாளிகை அது. 2013 ஜூன் மாதம் ஜனாதிபதி ஒபாமாவும் சீனத் தலைவர் ஷி ஜின்பிங்கும் சந்தித்துப் பேசியதும் அங்கேதான். திரையிலிருந்து விலக்கப்பட்ட மனிதன் திட்டமிட்ட அறைகளில் உலகத் தலைவர்கள் உட்கார்ந்து பேசினார்கள்.

ஹெயின்ஸ் 1973-ல் காலமானார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அவருடன் வாழ்ந்த ஷீல்ட்ஸ் அடுத்த ஆண்டே மறைந்தார்.

பியானோ மன்னரின் கடைசி ரகசியம்

ஹெயின்ஸ் போல எல்லோராலும் இருக்க முடிந்ததா? இல்லை.

லிபராச்சி என்ற பியானோ வித்வானைப் பற்றிக் கேள்விப்படாத அமெரிக்கக் குடும்பம் 1950-களில் இல்லை. டெலிவிஷனில் அவர் வந்தால் தாய்மார்கள் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பியானோவின் மேல் மெழுகுவர்த்திக் கொத்து எரியும். உடையெல்லாம் ஜரிகை, கல், ரோமம். பாம் ஸ்பிரிங்ஸில் அவருக்கு வீடு உண்டு.

1956-ல் லண்டன் ‘டெய்லி மிரர்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. லிபராச்சி ஆணை விரும்புகிறவர் என்று படிக்கிறவர்கள் நினைக்கும்படி அதில் ஜாடையாக எழுதியிருந்தார்கள். அவர் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1959-ல் லண்டன் கோர்ட்டில் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார்: தாம் அப்படிப்பட்டவர் அல்லர், ஒருபோதும் அப்படி நடந்ததில்லை என்று. ஜூரிகள் நம்பினார்கள். 8,000 பவுன் நஷ்ட ஈடு கிடைத்தது.

அந்தச் சத்தியம் பொய். ஆனால் அவரைத் திட்டுவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். அன்றைய பிரிட்டனில் அது ஜெயில் தண்டனைக்குரிய குற்றம். கலிபோர்னியாவிலும் குற்றம், அங்கே சட்டம் மாறியது 1975-ல்தான். கோர்ட்டில் உண்மையைச் சொல்லியிருந்தால் தொழில் போகும், பெயர் போகும். சிறைக் கதவும் திறக்கலாம். ஒருமுறை சொன்ன பொய்யைக் காப்பாற்ற அவர் ஆயுள் முழுவதும் பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

1987 ஜனவரியில் அவர் உடல் மிகவும் மெலிந்துவிட்டது. எய்ட்ஸ் நோய் என்று ஒரு பத்திரிகை எழுதியது. இல்லை, தர்ப்பூசணிப் பத்தியம் இருந்ததால் வந்த கோளாறு என்றார்கள் அவரைச் சேர்ந்தவர்கள். பிப்ரவரி 4-ந் தேதி பாம் ஸ்பிரிங்ஸ் வீட்டில் உயிர் பிரிந்தது. வயது 67. மரணச் சான்றிதழில் எய்ட்ஸ் என்ற சொல்லே இல்லை. உடலை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோய் அடக்கத்துக்குத் தயார் செய்துவிட்டார்கள்.

ரிவர்சைடு ஜில்லாவின் மரண விசாரணை அதிகாரி விடவில்லை. சான்றிதழை ஏற்க மறுத்தார். பிரேதப் பரிசோதனை நடந்தது. எய்ட்ஸ் காரணமாக வந்த நுரையீரல் அழற்சியே மரணத்துக்குக் காரணம் என்று உலகத்துக்கு அறிவித்தார். தொற்று நோயை மறைக்கக் கூடாது என்பது சட்டம். அதிகாரி செய்தது கடமைதான். ஆனாலும் முப்பது ஆண்டு கட்டிக் காத்த ரகசியம், அவர் கண்ணை மூடிச் சில நாளில், மேஜைமேல் கிடந்தது.

கூண்டில் ஏறிப் பொய் சொல்ல வைத்ததும், சாகும்போது தர்ப்பூசணியைச் சாக்குச் சொல்ல வைத்ததும் ஒரே பயம்தான். பணமும் புகழும் மதிலும் இருந்தவருக்கே அந்தக் கதி. ஹோட்டலில் தட்டு கழுவியவனுக்கு என்ன கதியாக இருந்திருக்கும்?

வீடு வீடாகப் போனவர்கள்

அந்தத் தட்டு கழுவுகிறவனைத் தேடிப் போனவர்களும் அதே ஊரில் இருந்தார்கள். அவர்கள் பெயரைச் சினிமாப் பத்திரிகைகள் போடவில்லை.

1984-ல் பாம் ஸ்பிரிங்ஸில் தொண்டர்கள் சிலர் கூடி ‘டெசர்ட் எய்ட்ஸ் பிராஜெக்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அப்போது இந்த நோய்க்கு மருந்து கிடையாது. முதல் மருந்துக்கே 1987 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது. லிபராச்சி இறந்து ஒரு மாதம் கழித்து. உயிரை நீடிக்கும் கூட்டு மருந்துகள் வந்தது 1996 வாக்கில். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள்! தொட்டால் ஒட்டும் என்று உறவினர்களே ஓடிய காலம்.

அந்த அமைப்பு மறையவில்லை, வளர்ந்தது. பிறகு பெயரைச் சுருக்கி ‘டாப் ஹெல்த்’ என்று வைத்துக்கொண்டது. 2023-ல், நொடித்துப்போன வேறொரு மருத்துவ நிறுவனத்தின் கிளினிக்குகளையும் எடுத்துக்கொண்டது. பேரீச்சந்தோப்பில் ஏணி வைத்து ஏறும் மெக்சிகத் தொழிலாளியின் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அந்தக் கிளினிக்குகளில் பார்க்கிறார்கள். ஒரு சாராருக்கு வந்த நோய்க்காக ஆரம்பித்த இடம், எல்லோருக்கும் ஆஸ்பத்திரியாகிவிட்டது. பிற்காலத்தில் ஓட்டுப் பெட்டி திறந்தபோது விழுந்த நம்பிக்கையில் ஒரு பங்கு இங்கே சம்பாதித்தது என்றால் மிகையாகாது.

ஜனாதிபதியைக் காத்த சிப்பாய்

ராஞ்சோ மிராஜில் குடியிருந்த இன்னொரு பிரமுகர் ஜெரால்டு போர்டு. ஜனாதிபதி பதவியை விட்டிறங்கிய 1977-ல் வந்து, 2006 டிசம்பரில் இறக்கும் வரை அங்கே இருந்தார்.

அவர் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு ஒரு தன்பாலீர்ப்பாளர் காரணம். 1975 செப்டம்பர் 22-ந் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண் ஜனாதிபதி போர்டைத் துப்பாக்கியால் சுட்டாள். கூட்டத்தில் நின்ற ஆலிவர் சிப்பிள் என்ற முன்னாள் சிப்பாய் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். குண்டு குறி தவறியது. வியட்நாம் போரில் காயம்பட்ட வீரர் அவர்.

மறுநாளிலிருந்து நாடே அவரைப் புகழ்ந்தது. கூடவே பத்திரிகைகள் அவர் ஆணை விரும்புகிறவர் என்பதையும் அச்சடித்தன. அவர் கேட்டுக்கொண்டும் பயனில்லை. தூரத்து ஊரில் இருந்த தாயார் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மகனோடு பேச்சை நிறுத்திவிட்டார். சிப்பிள் பத்திரிகைகள்மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். 1989-ல் தனியே ஓர் அறையில் இறந்து கிடந்தார். போர்டு அனுப்பிய நன்றிக் கடிதத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

ஒருவர் தாமே முன்வந்து சொல்வது வேறு; பிறர் அவரை அம்பலத்தில் இழுத்துவிடுவது வேறு. முதலாவது துணிச்சல். இரண்டாவது கொடுமை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் சிப்பிளை நினைத்துக்கொள்வது நல்லது.

2001-ல், 88 வயதில், போர்டு ஒரு பத்திரிகைப் பேட்டியில் தன்பாலினத் தம்பதிகளையும் சர்க்கார் மற்றவர்களைப் போலச் சமமாக நடத்த வேண்டும் என்றார். அவர் பழமைக் கட்சிக்காரர். அந்தக் காலத்தில் அவருடைய கட்சித் தலைவர்கள் வாயில் வராத வார்த்தை அது.

அதே 2001-ல் பக்கத்திலுள்ள கத்தீட்ரல் சிட்டியின் கல்லறைத் தோட்டத்தில் கிரானைட் தூண் ஒன்றை எழுப்பினார்கள். பால்புதுமையினரான போர்வீரர்களுக்கு நினைவுச் சின்னம். 2018-ல் கலிபோர்னியா சட்டசபை அதை ராஜ்யத்தின் அதிகாரபூர்வ நினைவுச் சின்னமாக்கியது. பாடகர் பிராங்க் சினாட்ராவின் கல்லறையும் அதே தோட்டத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் அதைத் தேடி வந்து இதையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

தூண் எழும்பியபோது நாட்டின் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? பட்டாளத்தில் இருக்கலாம், வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போய்விடும். அந்தச் சட்டம் 2011 செப்டம்பரில் ஒழிந்தது. 2025-ல் காற்று மறுபடி திரும்பிற்று. திருநங்கை, திருநம்பியர் பட்டாளத்தில் இருக்கக் கூடாது என்று ஜனாதிபதி டிரம்ப் உத்தரவிட்டார். கீழ்க்கோர்ட் தடுத்தது. வழக்கு முடியும் வரை உத்தரவை நடத்தலாம் என்று அந்த ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட் விட்டுக்கொடுத்தது. ஒருமுறை கிடைத்த உரிமை நிலையானது என்று இந்தப் பாலைவனத்தில் யாரும் கண்ணை மூடித் தூங்குவதில்லை.

ஓட்டுப் பெட்டி

இனி அரசியல்.

கத்தீட்ரல் சிட்டிக்கு 1981 வரை நகரசபையே கிடையாது. பாம் ஸ்பிரிங்ஸில் அனுமதிக்காத கேளிக்கைகளெல்லாம் எல்லை தாண்டி அங்கே நடந்தன. 1930-களில் சூதாட்ட விடுதிகள். பிற்காலத்தில் தன்பாலீர்ப்பாளர் கூடும் மதுக்கடைகள். பெரியவர்கள் முகம் சுளித்த அந்த ஊர்தான் முதலில் வழி காட்டியது. 1994-ல் கிரெக் பெட்டிஸ் என்பவர் தம்மைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லியே நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திரும்பத் திரும்ப ஜெயித்தார். 2019 ஜனவரியில் காலமானபோது அவரே மேயர்.

பாம் ஸ்பிரிங்ஸில் 2003-ல் ரான் ஓடன் மேயரானார். கறுப்பர், தன்பாலீர்ப்பாளர். இரண்டையும் மறைக்காமல் கலிபோர்னியாவில் ஒரு நகரத்தின் மேயராகத் தேர்வு பெற்ற முதல் மனிதர் அவர்தான். அவருக்குப் பின் வந்த மேயரும் தன்பாலீர்ப்பாளர்தான்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டதா? 2009 ஜூன் மாதம் பாம் ஸ்பிரிங்ஸ் போலீசார் மாறுவேடத்தில் சென்று, பொது இடத்தில் ஒழுங்கு மீறியதாக 19 ஆண்களைக் கைது செய்தார்கள். தப்பு செய்தால் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் பிடிபட்டவர்களை அந்த ஊர்ப் போலீஸ் தலைவரே இழிசொல்லால் பேசினார் என்பது பிறகு வெளியாயிற்று. ஊர் கொதித்தது. 2011 தொடக்கத்தில் அவர் பதவியை விட்டுப் போனார். மேயர் நாற்காலி மாறினால் போலீஸ் ஸ்டேஷன் தானாக மாறிவிடாது என்பது அப்போது தெரிந்தது.

2017 தேர்தலில் ஜெயித்த திருநங்கை லிசா மிடில்டன். ராஜ்யத்தின் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் 36 ஆண்டு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நீதிபதி பதவிகளைத் தவிர்த்துப் பார்த்தால், கலிபோர்னியாவில் தேர்தலில் வென்று பதவிக்கு வந்த முதல் திருநங்கை அவர். 2021 டிசம்பரில் மேயரானார். அவருக்கு முந்தைய மேயர்தான் முன்பு சொன்ன பெண் வக்கீல் கிறிஸ்டி ஹோல்ஸ்டெஜ். அவர் 2022-ல் ராஜ்ய சட்டசபைக்கு நின்று 85 ஓட்டில் தோற்றார். நகரத்தில் ஜெயிப்பது வேறு, நகரத்துக்கு வெளியே ஜெயிப்பது வேறு!

ஐவர் சபைக்கு முதல் சோதனை சீக்கிரமே வந்தது. ஊரில் நாலில் ஒருவர் லத்தீன் வம்சத்தவர். சபையில் அவர்களில் ஒருவர் இல்லை. ஊர் முழுவதும் ஒரே தொகுதியாக ஓட்டுப் போடும் முறையில் சிறுபான்மையினர் அமுங்கிப் போகிறார்கள் என்ற புகார் எழுந்தது. ராஜ்யத்தின் ஓட்டுரிமைச் சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. சபை ஊரை ஐந்து வட்டாரமாகப் பிரிக்க ஒப்புக்கொண்டது. மேயரை ஜனங்கள் நேரே தேர்ந்தெடுக்கும் முறையையும் விட்டு, ஆண்டுக்கு ஒருவர் முறை வைத்து வருவதாக்கியது. 2019-ல் கிரேஸ் கார்னர் என்ற லத்தீன் வம்சத்துப் பெண் ஒரு வட்டாரத்தில் ஜெயித்தார். 2023-ல் மேயராக இருந்தவரும் அவரே. தங்களுக்கு முழு வெற்றி தந்த முறையைத் தாங்களே மாற்றிக்கொண்டார்கள். சட்டத்துக்குப் பயந்துதான் என்று சிலர் சொல்லலாம். பயந்தாவது செய்தார்களே!

பதினான்காம் கட்டம்

அடுத்த சோதனை அதைவிடப் பெரிது. அது பழைய பாவம்.

வெந்நீர் ஊற்று இருக்கும் 14-ம் கட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஊர் நடுவில் இருந்தும் அந்த நிலத்துக்கு விலை இல்லை. பூர்வகுடிகள் அதை நீண்ட காலக் குத்தகைக்கு விட அமெரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் பெரிய ஹோட்டல்காரர்கள் வரவில்லை. ஏழைகள் வந்தார்கள். கறுப்பர், மெக்சிகர், பிலிப்பினோக்கள். ஊரின் ஹோட்டல்களைக் கட்டிய தச்சர்கள், தோட்டக்காரர்கள், படுக்கை விரித்த பெண்கள். வேறு தெருக்களில் இவர்களுக்கு வீடு விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ மாட்டார்கள். இங்கே சின்னச் சின்ன மரவீடுகள் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

1950-களின் நடுவில் அந்தக் குடியின் ஆட்சிக் குழுவிலும் ஐந்து இடங்கள். ஐந்திலும் பெண்கள்! தலைவி வயோலா ஓர்ட்னர். அவர்கள் வாஷிங்டன் வரை போய் வாதாடினார்கள். 1959-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு அனுமதி வாங்கிவிட்டார்கள். இந்த ஊரில் ஒதுக்கப்பட்டவர்கள் ஐந்து நாற்காலிகளைப் பிடித்தது 2017-ல்தான் முதல் தடவை என்று எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் வெற்றியின் பலன் குடிக்கு முழுதாகக் கிட்டவில்லை. சொந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று சொல்லி, பூர்வகுடி நிலக்காரர்களுக்குக் கோர்ட் கார்டியன்களை வைத்தது. அந்தக் கார்டியன்களில் பலர் தங்கள் கட்டணத்திலேயே குறியாக இருந்தார்கள். நிலத்துக்கு விலை ஏறியதும், குடியிருந்த ஏழைகள் இடைஞ்சலானார்கள். வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தது. வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது வீடு இல்லை. நகரசபையின் செலவில் இடித்தார்கள். தீயணைப்புப் படையே நின்று கொளுத்தியது. சில வீடுகளில் தட்டுமுட்டுச் சாமான்களும் சேர்ந்து எரிந்தன. 1968-ல் கலிபோர்னியா ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் விசாரித்து, நகரசபையே திட்டமிட்டு நடத்திய பேரழிவு என்று அறிக்கை கொடுத்தது. யாருக்கும் தண்டனை இல்லை.

மறைந்து வாழ வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த ஊர், தன்னைக் கட்டிய கூலிக்காரர்களை இப்படித் துரத்தியிருக்கிறது. அடைக்கலம் தேடி வந்தவர்களில் வெள்ளையரும் வசதியுள்ளவர்களும் அதிகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் குளித்த நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்தவர்கள் 14-ம் கட்டத்தில் இருந்தார்கள்.

துரத்தப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் மறுபடி வாய் திறந்தபோது நகரசபையில் யார் இருந்தார்கள்? 2021 செப்டம்பரில், ஹோல்ஸ்டெஜ் மேயராக இருந்தபோது, சபை தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது. வீடுகள் எரிந்த காலத்தில் மேயராக இருந்த பிராங்க் போகர்ட்டுக்கு நகர மண்டபத்தின் முன்னே குதிரைமேல் அமர்ந்த சிலை இருந்தது. ஆதரவாளர்கள் கோர்ட்டுக்குப் போயும் நிற்கவில்லை. 2022 ஜூலையில் சிலையை எடுத்துவிட்டார்கள். எல்லாம் ஒருவர் தலையில் சுமத்துகிறார்கள் என்று அவர் குடும்பத்தாரும் நண்பர்களும் வருந்தினார்கள்.

மன்னிப்பு வார்த்தைக்குச் செலவில்லை. பணம் என்று வந்தபோது சபை எளிதில் அசையவில்லை. ஈடு கேட்ட மனு 2022-ல் வந்தது. இரண்டு ஆண்டு பேரம் நடந்தது. 2024 நவம்பரில் 59 லட்சம் டாலர் நேரே கொடுப்பதாக முடிவாயிற்று. வீட்டு வசதித் திட்டங்களுக்கு மேலும் இரண்டு கோடி டாலர் ஒதுக்கவும் சபை ஒப்புக்கொண்டது. குடும்பங்களின் வக்கீல்கள் முதலில் கேட்ட தொகை இதைப்போலப் பல மடங்கு. குறைவுதான் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. இதையாவது கண்ணால் பார்த்தோமே என்றவர்களும் உண்டு.

14-ம் கட்டம் இப்போதும் அகுவா கலியந்தே குடியின் பங்குதான். வெந்நீர் ஊற்றின் மேல் குடியே குளியல் மாளிகை கட்டி 2023-ல் திறந்தது. அதே ஆண்டு பக்கத்தில் அவர்களுடைய சரித்திர மியூசியமும் திறந்தது. அன்று வீடு எரிவதைப் பார்த்து நின்ற குழந்தைகளில் உயிரோடு இருப்பவர்கள் எழுபது, எண்பது வயதைத் தொட்டுவிட்டார்கள்.